நாலு நிமிடக் கெட்டிமேளம்

கச்சேரி முடிந்து வேனில் ஏறிவிட்டால் எங்கள் ஆட்கள் யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள். மதுரையில் சபாவில் பாடுகிறவர்கள் எங்களைக் 'கல்யாண மேளம்' என்று ஒதுக்கிப் பேசுவது எங்களுக்குத் தெரியும். அந்தக் கோபத்தை அவர்களிடம் காட்ட முடியாது, எதிரில் வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் நாங்கள் நையாண்டி மேளத்தைப் பிடித்துக்கொள்வோம். நையாண்டி மேளத்துக்காரர் பேண்டு செட்டைப் பிடித்துக்கொள்வார். பேண்டு செட்டுக்காரர் யாரைப் பிடித்துக்கொள்வார் என்பது ரொம்ப நாள் கேள்வியாகவே இருந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு, கிடாரும் டிரம்ஸுமாக அலறுகிற மெட்டல் ராக் குழுக்கள் வந்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது. திட்டுவதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆள் கிடைத்துவிட்டதில் எங்களுக்குள் ஒற்றுமை வந்தது.

நான் தவில் வாசிக்கிறவன். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், நாதஸ்வரம். பத்தொன்பது வருடமாக ஜோடி. மேடையில் அவர் எனக்கு இடப்பக்கம், நான் அவருக்கு வலப்பக்கம். இது நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இல்லை, முதல் கல்யாணத்தில் அப்படி உட்கார்ந்தோம், அப்படியே ஒட்டிக்கொண்டது. மச்சான் அருமையான வாசிப்புக்காரர். ஒரே ஒரு குறை, அவருக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்தில் இருக்கிற ஆளிடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் பேசுவது போலப் பேசுவார். நானும் பதிலுக்கு அப்படியே பேசுவேன். எங்கள் வேன் டிரைவர் நாங்கள் எப்போதும் சண்டை போட்டுக்கொள்வதாக வெகுநாள் நினைத்திருந்தார்.

மெட்டல்காரர்களைப் பற்றி வேனில் நாங்கள் வைத்திருந்த கொள்கை இதுதான். அவர்களுக்குச் சுருதி கிடையாது. தாளம் உண்டு, ஆனால் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்களே தவிரப் பிடிக்க மாட்டார்கள். பாடுகிறவர் தொண்டையில் மீன்முள் சிக்கியிருக்கிறது, கூட இருப்பவர்கள் எடுத்துவிடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் மீன்முள் மச்சானுடையது. என்னுடையது இதைவிடப் பிரபலம். அந்த டிரம்ஸ் அடிக்கிறவர்கள் காதில் பஞ்சு போல ஏதோ ஒன்றை அடைத்துக்கொண்டு வாசிப்பதைப் பார்த்துவிட்டு, "சமையல்காரனே தன் சாம்பார வாயில வைக்க மாட்டேங்குறான், அத நாம வாங்கிக் குடிக்கணுமாம்" என்று ஒரு தடவை சொன்னேன். இது தேனியிலிருந்து கூடலூர் வரை எல்லா செட்டிலும் சுற்றி வந்தது. ஒரு முறை போடியில் ஒரு வித்துவான் இதையே தன்னுடைய சரக்காக என்னிடமே சொன்னார். நான் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

இப்படிப் பேசித் திரிந்த காலத்தில் என் இடது காது போய்க்கொண்டிருந்தது.

சுருளிப்பட்டியில் ஒரு காதுகுத்து விசேஷம். அங்கே வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சில்வண்டுச் சத்தம் கேட்டது. சுருளி மலை பக்கத்தில் இருக்கிறது, வண்டு இல்லாமல் இருக்குமா என்று விட்டுவிட்டேன். கம்பத்துக்கு வந்தும் வண்டு கூடவே வந்தது. வீட்டில் படுத்துக்கொண்டு மனைவியிடம், "எங்கன இருந்துடி கத்துது இந்த வண்டு?" என்று கேட்டேன். "வண்டா? பேன் சத்தந்தான் கேக்குது" என்றாள். எனக்கு அந்த மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்தேன். விசிறி கேட்டது. வலது பக்கம் திரும்பிப் படுத்தேன். வண்டு மட்டும்தான் இருந்தது.

பயந்துவிட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. கண் தெரியாத வித்துவானைப் பற்றி ஊர் பெருமையாகப் பேசும். காது கேட்காத வித்துவான் என்று தெரிந்தால் தாம்பூலம் வேறு வீட்டுக்குப் போய்விடும், இனி என்னை எந்தப் பந்தலுக்கும் கூப்பிட மாட்டார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் அவள் அண்ணனிடம் சொல்வாள். அண்ணனிடம் எது சொன்னாலும் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

முதலில் கைவிட்டுப் போனது அய்யர் குரல். தாலி கட்டுகிற நேரத்தில் அய்யர் விரலை உயர்த்தி ஆட்டிக்கொண்டே "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த நொடி தவில் பாய வேண்டும், நாதஸ்வரம் உச்சிக்குப் போக வேண்டும், சனங்கள் அட்சதை வீச வேண்டும். எனக்குச் சொல் விழவில்லை. ஆனால் விரல் தெரிந்தது. ரெண்டு வருடம் விரலை மட்டும் பார்த்து எத்தனையோ தாலிகளுக்கு அடித்தேன். ஒரு தடவையும் பிசகவில்லை. கண் இவ்வளவு வேலை பார்க்கும்போது காது எதற்கு என்று எனக்கே ஒரு திமிர் வந்துவிட்டது.

சின்னமனூரில் ஒரு ஆவணி முகூர்த்தம். மாப்பிள்ளை தேனியில் ஒரு அலுவலகத்தில் நல்ல வேலையில் இருப்பவர். மண்டபத்துக்குப் போனதும் மச்சான் என் கையைப் பிடித்து மேடையின் மறுமூலையைக் காட்டினார். அங்கே வாழைமரத்துக்குப் பக்கத்தில் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி என்னவோ மலை போல நின்றது. சாயங்காலம் வரவேற்புக்கு மெட்டல் குழு. டிரம்ஸை முந்தின நாளே கொண்டு வந்து மாட்டியிருக்கிறார்கள். வீடியோவில் விழுந்துவிடக் கூடாது என்று பெண்ணின் தாய்மாமன் பெட்ஷீட் வாங்கிவந்து போர்த்தச் சொன்னாராம். இது மட்டும் என்றால் பரவாயில்லை. மாப்பிள்ளையே அந்தக் குழுவில் கிடார் வாசிப்பவராம். தலைப்பாகை ஏன் அவ்வளவு புடைத்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது, உள்ளே முழங்கை நீளத்துக்கு முடி.

"மாப்பிள்ளையே மீன்முள்ளுக் கோஷ்டியாம் மாப்ளே" என்றார் மச்சான். அவருக்கு அது ரகசியக் குரல். முன்வரிசையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் குழுவின் டிரம்ஸ்காரரும் காலையிலேயே வந்திருந்தார். என் வயசு இருக்கும், நாற்பது தாண்டியவர். கருப்பு பனியனுக்குக் கீழே பட்டு வேட்டி. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தால், தேனி கடைவீதியில் பெயிண்டுக் கடை வைத்திருப்பவர். என் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பச்சை எனாமல் அவர் கடையில்தான் வாங்கினேன். சர்ச்சிலும் அவர்தான் வாசிப்பாராம். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் ரெண்டு முனையிலும் மஞ்சளாகச் சின்னக் குமிழ்.

நான் விரல்களில் கூடு மாட்டினேன். தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையை வெறும் விரலால் அடித்தால் விரல் பிளந்துவிடும், அதற்காக மாவுப்பசையில் துணி சுற்றிச் செய்த உறை அது. மச்சான் நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளியை ஊதிப் பார்த்தார். நாங்கள் ரெண்டே அடி, ரெண்டே ஊத்து வாசித்திருப்போம். பெயிண்டுக் கடைக்காரர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய குமிழ் ரெண்டையும் எடுத்து நிதானமாகக் காதுக்குள் திருகிக்கொண்டார்.

"பாத்தீகளா மாப்ளே? நம்ம வாசிப்புக்குக் காத அடைக்கிறான்."

பத்தொன்பது வருடத்தில் எங்கள் மேளத்துக்குக் குழந்தைகள் அழுதிருக்கின்றன. பெரியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயிருக்கிறார்கள். போனில் பேசுகிறவர்கள் எங்களை முறைத்திருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு எதிரிலேயே நின்று, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருத்தர் காதை அடைத்ததில்லை. அதுவும் அந்தக் கோஷ்டியில் ஒருத்தர். தவில் வாரை வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாக இழுத்துக் கட்டினேன்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. நான் அய்யரைப் பார்த்திருக்க வேண்டும். நான் பெயிண்டுக் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காதை அடைத்துக்கொண்டு ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார், அதில் எனக்கு இன்னும் எரிச்சல். அந்த நேரத்தில் என் கண்ணோரத்தில் ஒரு விரல் உயர்ந்து ஆடியது. ரெண்டு வருடப் பழக்கம். கை தானாகப் பாய்ந்துவிட்டது.

அது அய்யர் விரல் இல்லை. பெண்ணின் தாய்மாமனுடைய விரல். கடமலைக்குண்டில் இலவம்பஞ்சு வியாபாரம் பார்ப்பவர், சீர் கொண்டுவந்து காலையிலிருந்து மேடையை நிர்வாகம் செய்துகொண்டிருந்தார். அய்யருக்குப் பின்னால் நின்று, மறைத்துக்கொண்டிருந்த வீடியோக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்.

தாலி அப்போது மேடையிலேயே இல்லை. தாம்பாளத்தில் தேங்காய் மேல் இருந்துகொண்டு, பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வதிப்பதற்காக நாலாவது வரிசையில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கெட்டிமேளம் கேட்டால் நம் சனங்கள் யோசிக்க மாட்டார்கள். மண்டபம் மொத்தமும் எழுந்து அட்சதையை வீசியது. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மேல் மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டியது. அவர் தன் கையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பெண் கண்ணில் விழுந்த அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அய்யர் ரெண்டு கையையும் விரித்து என்னவோ கத்தினார், அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த கெட்டிமேளத்தைத் தாலி ஏறாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அபசகுனம் என்பார்கள், நாங்களும் அப்படித்தான் நம்புகிறோம். ஆகவே அடித்தேன். மச்சானும் ஊதினார். நாலாவது வரிசையில் தாம்பாளம் ஒரு ஆத்தா கையில் இருந்தது. அவர் நிதானமாகக் கண்ணை மூடி, தன் குலசாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தாம்பாளத்தை இழுத்தார், ஆத்தா விடவில்லை. கடைசியில் யாரோ பிடுங்கி, தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றித் தாலி மேடைக்கு வந்து சேர்ந்தது. கெட்டிமேளம் என்பது வழக்கமாக மூச்சுப் பிடித்து அரை நிமிடம் அடிக்கிற சங்கதி. அன்று நாலு நிமிடம். முடிக்கும்போது மச்சானின் முகம் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது, என் தோள்பட்டை என்னுடையதாகவே இல்லை. முகூர்த்தம் தப்பவில்லை. அட்சதைதான் மிச்சமில்லை. தாலி ஏறும்போது சனங்கள் தரையில் கிடந்ததைப் பொறுக்கி வீசினார்கள்.

அப்புறம் விசாரணை. பெண்ணின் அப்பா நேராக எங்களிடம் வந்தார்.

"யாருய்யா அதுக்குள்ள அடிக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "அந்தா, மாமன்காரர் வெரல ஆட்டுனாக, நாங்க அடிச்சோம்" என்றார். அவர் பார்த்துச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பெண்ணின் அப்பா மாமன் பக்கம் திரும்பினார். "வீடியோக்காரனத்தான் தள்ளச் சொன்னேன் அத்தான்" என்று அந்த மனுசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் தலையிடுகிறார் என்று அவர் மேல் ஏற்கெனவே ஒரு புகைச்சல் இருந்திருக்கும் போல, எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. நான் தவிலுக்கு உறை மாட்டிக்கொண்டு குனிந்தே இருந்தேன். அய்யர் விரலைப் பார்க்காமல், அவர் சொல் கேட்காமல், எவர் விரலுக்கோ அடித்தவன் நான். அதைச் சொல்லியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்தது. சொல்லவில்லை.

பந்தியில் எனக்கு இடப்பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்தார்கள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் எழுந்து, இலையையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு எனக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். பெயிண்டுக் கடைக்காரர்.

"அங்கன இருந்து மூணு தடவ கூப்புட்டேண்ணே. இடது காதா?"

மச்சான் எங்கே என்று பார்த்தேன். அவர் எதிர்வரிசையில் அப்பளம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா? நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"எனக்கும் ஒண்ணு போச்சுண்ணே. வலது. சின்ன வயசுல ஒண்ணும் போடாம வாசிச்சதுல போனது. அதுல இருந்துதான் இத மாட்டிக்கிட்டுத் திரியிறேன்." கயிற்றைத் தொட்டுக் காட்டினார். "காலையில நீங்க மொறச்சத பாத்தேன். தப்பா நெனச்சுக்கிறாதீக. இருக்கிற ஒத்தக் காது, அதயாச்சும் காப்பாத்தணும்ல?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிடிபட்ட ஆளுக்கு வருகிற கோபம். "உங்க இரைச்சலுக்குப் போகும். எங்களுது சங்கீதம், இதுக்கெல்லாம் காது போகாது" என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. செல்லை எடுத்து ஒரு படம் காட்டினார். சத்தத்தை அளக்கிற ஆப். சாயங்காலத்துக்காக மண்டபத்தில் எதிரொலி எப்படி என்று பார்க்கப் போட்டு வைத்திருந்தாராம். முள் போய் ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. "இது உங்க கெட்டிமேளம். நேத்து எங்க ஒத்திகை இதுக்குக் கீழதான்." அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கிட்டத்தட்டப் பொறாமையாகச் சொன்னார். "அதுவும் நாலு நிமிசம்ணே. ஒரே வேகம், ஒரு எடத்துலயும் எறங்கல. எங்க ஆளுக எல்லாம் வாயப் பொளந்துட்டாக. மாப்பிள்ள தாலி கட்டுனதும் என்கிட்ட கேட்ட மொதக் கேள்வியே அந்தத் தவில் அண்ணன் யாருன்னுதான். வேணும்னே நீட்டுனீகளா?"

என் வாழ்க்கையிலேயே பெரிய தப்புக்கு, நான் திட்டித் தீர்த்த ஆட்களிடமிருந்து, என் வாழ்க்கையிலேயே பெரிய பாராட்டு. இத்தனை வருடத்தில் எந்த சபாக்காரரும் என் கையைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"கெட்டிமேளம் எதுக்குண்ணே அடிக்கிறது?" என்று கேட்டார். அவர் சர்ச்சுக்காரர், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"தாலி ஏறுற நேரத்துல தும்மல், அழுகை, கெட்ட வார்த்த எதுவும் மாப்பிள்ள பொண்ணு காதுல விழுகக் கூடாதுன்னு."

"அப்ப மத்த சத்தம் எதுவும் கேக்கக் கூடாதுன்னு அடிக்கிறது." ரசத்தைக் குடித்துக்கொண்டே யோசித்தார். "எங்களுதும் அதுக்குத்தாண்ணே. நாள் முழுக்க கடையில கேட்டது எதுவும் அந்த ஒரு மணி நேரம் கேக்காது."

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். பையிலிருந்து பிரிக்காத ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ஒரு ஜோடி மஞ்சள் குமிழ்.

"வேணாம். மேடையில இத மாட்டுனா சிரிப்பாக" என்றேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். கூடு இறுக்கிய தடம் விரலில் அப்படியே இருந்தது. "வெரலுக்குக் கூடு மாட்டிக்கிறீகல்ல, அதுக்கு யாரும் சிரிக்கலயே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சாயங்காலம் வரவேற்பில் முதல் அரை மணி எங்களுடையது. அதன்பிறகு பெட்ஷீட் விலகியது. எங்களுக்கு வேன் ஏழு மணிக்குத்தான், அதனால் உட்கார்ந்திருந்தோம். மச்சான் காபி டம்ளரோடு வாசல் பக்கம் நின்றுகொண்டார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காதபோது, அந்தக் குமிழைக் காதுக்குள் திருகினேன்.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பாடகர் பாடியது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. மீன்முள் அங்கேயேதான் இருந்தது. மாப்பிள்ளை முடியை அவிழ்த்துவிட்டு, கோட்டு சூட்டோடு தலையைச் சுற்றி ஆட்டியதை அவருடைய மாமனார் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் பெயிண்டுக் கடைக்காரரின் ரெண்டு காலும் கீழே செய்த வேலை இருக்கிறதே, அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. காதை அடைத்தால் மங்கும் என்று நினைத்திருந்தேன். இரைச்சல் மங்கி, அடி தனித்தனியாக நின்றது. நான் கையால் செய்வதை அந்த மனுசன் காலால் செய்துகொண்டிருந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்து, குச்சியைக் காதருகே தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் தாய்மாமனைப் பார்த்தேன். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். காலையில் மேடையே அவருடையதாக இருந்தது. இப்போது அவரைக் கடந்து போகிற ஒவ்வொருத்தரும், சின்னவர் பெரியவர் இல்லாமல், விரலை உயர்த்தி ஆட்டிவிட்டுப் போனார்கள். அவரும் முதலில் சிரித்துப் பார்த்திருப்பார். நான் பார்த்தபோது சிரிக்கவில்லை. அக்காள் மகளுக்குச் சீர் கொண்டுவந்த மனுசன், ரெண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். மறந்தும் விரல் உயர்ந்துவிடக் கூடாது என்பது போல.

எனக்குப் பொறுக்கவில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, காலையில நடந்தது உங்க தப்பு இல்ல" என்றேன்.

"என்ன?" என்றார். அவருக்குக் கேட்கவில்லை. மேடையில் அப்படி ஒரு உச்சம்.

"உங்க தப்பு இல்லண்ணே. நான்தான்."

"சாப்புட்டேன், சாப்புட்டேன்" என்றார்.

அவர் காதருகே குனிந்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். என் காதில் குமிழ் இருந்ததை மறந்துபோனேன், என் குரல் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. இந்த மெட்டல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் ஒரு உருப்படியை முடிக்க, தீர்மானம் என்கிற முடிப்பு அடியை மூன்று தடவை வைத்து, ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு முடிப்போம். அவர்கள் உச்ச வேகத்தில் போகும்போதே, யாருக்கும் சொல்லாமல், கத்தியால் வெட்டியதுபோல எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தினார்கள்.

"எனக்கு ஒரு காது கேக்காதுண்ணே, நான்தான் தப்பா அடிச்சேன்" என்கிற என் குரல் மண்டபம் முழுக்கப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

முதலில் சிரித்தது பெண். மணமேடையில் மாலையோடு நின்றவள், வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. தாய்மாமன் எழுந்தார். தொடைக்குக் கீழே இருந்த கைகள் வெளியே வந்தன. "கேட்டீகளா எல்லாரும்? கேட்டீகளா அத்தான்?" என்று விரலை உயர்த்தி ஆட்டிக்கொண்டே மேடையை நோக்கி நடந்தார். நடையில் காலையில் இருந்த நிர்வாகம் திரும்பி வந்துவிட்டது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது எந்தத் தலையாட்டல் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு அவரைப் பற்றிய கவலையே இல்லை. நான் வாசலைப் பார்த்தேன். காபி டம்ளரோடு மச்சான் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு, நாதஸ்வரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேனில் ஏறி வழக்கம்போல எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். பேசவில்லை. அன்றைக்குத் திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது, மாப்பிள்ளையின் முடி ஒன்று போதும் கம்பம் வரை. பத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேறு தவில் தேட வேண்டும். யார் யார் இருக்கிறார்கள் என்று நானே அவருக்காக யோசித்துப் பார்த்தேன், ஒருத்தரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்க்கையன்கோட்டை விலக்கு வந்ததும் மச்சான் டிரைவரை நிறுத்தச் சொன்னார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கி, வேனைச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, என்னை இந்தப் பக்கம் நகரச் சொல்லிவிட்டு எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"எத்தன வருசமா?" என்றார்.

"ரெண்டு இருக்கும் மச்சான்."

"எனக்கு வலது. நாலு வருசமாச்சு."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவருக்கு வலப்பக்கம் என்றால் நான் உட்கார்கிற பக்கம். எனக்கு இடப்பக்கம் என்றால் அவர் உட்கார்கிற பக்கம். என் காதை அவர் குழல் எடுத்திருக்கிறது, அவர் காதை என் தவில் எடுத்திருக்கிறது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்திருக்கிறோம்.

"அப்ப அய்யர் கெட்டிமேளம் சொல்றது?"

"அது எனக்கு எங்கன கேக்குது? நீங்க அடிச்சா நான் ஊதுவேன். உங்களுக்குக் கேக்குதுல்லன்னு நம்பித்தான்."

ரெண்டு வருடமாக எங்கள் மேடையில் அய்யர் சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் என்னை நம்பினார், நான் யார் யாருடைய விரலையோ நம்பினேன், இந்தப் பள்ளத்தாக்கில் அத்தனை தாலி ஏறியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. மச்சானும் வெளியே பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

"இனிமே மேடையில எடம் மாறி உக்காந்துருவமா?" என்று கேட்டேன்.

"மாறி உக்காந்தா மிச்சம் இருக்கிற ரெண்டும் போயிரும் மாப்ளே." சீவாளிப் பெட்டியைத் திறந்து மூடினார். "அந்தப் பெயிண்டுக் கடைக்காரர்கிட்ட எனக்கும் ஒரு ஜோடி கேளுங்க. எனக்குன்னு சொல்ல வேணாம்."

உத்தமபாளையம் தாண்டியபோது டிரைவர் கண்ணாடியில் எங்களை ரெண்டு தடவை பார்த்தார். என்ன சண்டையோ, பேச்சு சத்தமே இல்லையே என்று நினைத்திருப்பார். நல்ல காது ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், வீடு வரும்வரை கத்தாமல் பேசிக்கொண்டு போனோம்.